சாசனமும் சரித்திரமும்: ஆண்ட்ரூ டிக்சன் வைட் எதிர்கொண்ட சமயக் கேள்வி

ஒரு பல்கலைக்கழகம் எந்தச் சமயப் பிரிவுக்கும் உரியதாகாமல் இயங்க முடியுமா, அப்படி இயங்கினால் அது சமயமே அற்றதாகிவிடுமா, சமயமற்றதாக இருப்பதும் சமயத்தைப் பற்றிய ஒரு நிலைப்பாடுதானே என்னும் கேள்விகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தத்துவ நூல்களோடு நின்றுவிடவில்லை. நிலம், பணம், வாக்கெடுப்பு, பேராசிரியர் நியமனம் ஆகியவற்றோடு பிணைந்து, சட்டமன்றக் குழுக்கள் முடிவுசெய்ய வேண்டிய நடைமுறைச் சிக்கல்களாகவே அவை எழுந்தன. இவற்றுக்கு விடைதேடியவர்களுள் ஆண்ட்ரூ டிக்சன் வைட் (1832–1918) தனித்து ஆராயத் தக்கவர். நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் 1864 முதல் 1867 வரை உறுப்பினராக இருந்த அவர், அதே அவையில் தாம் முன்னின்று நிறைவேற்றிய சட்டத்தால் பிறந்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகி 1885 வரை அதை நடத்தினார். பின்னர் ஜெர்மனியிலும் ருஷ்யாவிலும் தம் நாட்டின் தூதராகவும் பணியாற்றினார். சமயமும் கல்வியும் எவ்வாறு உறவாட வேண்டும் என்பதற்கு அவர் இரண்டு விடைகளை எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். ஒன்று, சட்டமியற்றுபவராக 1865-இல் உருவாக்க உதவிய பல்கலைக்கழகச் சாசனம். மற்றொன்று, வரலாற்றாசிரியராக 1896-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல். அறிவுலகம் நூலையே பேசியும் மறுத்தும் வந்திருக்கிறது. ஆயினும் தத்துவ நோக்கில் ஆழமான விடை சாசனத்தில்தான் இருக்கிறது என்பதும், அவ்விடையின் நுட்பத்தை அதை இயற்றியவர்களுள் ஒருவரான வைட்டே தம் நூலில் தவறவிட்டார் என்பதும் கூர்ந்து நோக்குவோர்க்குப் புலப்படும்.

வைட் வளர்ந்த காலத்தில் அமெரிக்கக் கல்லூரி என்பது பெரும்பாலும் ஏதேனும் ஒரு திருச்சபையின் கிளை நிறுவனமாகவே இருந்தது. தலைவர் போதகராக இருப்பார். நிர்வாகக் குழுவில் அச்சபையினர் நிறைந்திருப்பர். பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புலமைக்கு முன்பாக அவருடைய சபை விசாரிக்கப்படும். வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் 1819-இல் நிறுவிய பல்கலைக்கழகம் இறையியலுக்குப் பேராசிரியர் பதவி வைக்காமல் தொடங்கியது உண்மையே. ஆனால் அது விதிவிலக்கு. எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்த செல்வக் குடும்பத்தில் பிறந்த வைட், தந்தையின் விருப்பப்படி அச்சபையின் சிறு கல்லூரியொன்றில் ஓராண்டு பயின்று வெறுப்புற்று யேல் கல்லூரிக்கு மாறி, 1853-இல் பட்டம் பெற்றபின் பாரிஸிலும் பெர்லினிலும் படித்தார். பேராசிரியர் தாம் ஆராய்ந்து கண்டதைத் தடையின்றிக் கற்பிக்கலாம் என்னும் ஜெர்மானியப் பல்கலைக்கழக மரபு அங்கே அவரை ஈர்த்தது. 1857-இல் மாநில அரசின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானபோது, அதே மரபை அமெரிக்க மண்ணில் ஊன்ற முயன்ற ஹென்றி டாப்பன் என்னும் தலைவரின் கீழ்ப் பணியாற்றும் வாய்ப்பும், 1863-இல் அந்த டாப்பனை நிர்வாகக் குழு பதவிநீக்கம் செய்ததை அறியும் நிலையும் அவருக்கு வாய்த்தன. திருச்சபையின் பிடியிலிருந்து கல்வியை மீட்டு அரசின் கையில் ஒப்படைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் ஒருபோதும் எளிமையாக நம்பாததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1862 செப்டம்பரிலேயே, அடிமை ஒழிப்புப் போராளியும் செல்வந்தருமான கெரிட் ஸ்மித்துக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், பாலும் நிறமும் பாராமல் அனைவரையும் ஏற்கும், எந்தச் சபைக்கும் கட்டுப்படாத ஒரு பல்கலைக்கழகத்தை நியூயார்க் மாநிலத்தில் நிறுவ உதவுமாறு வைட் வேண்டியிருந்தார். அவ்வுதவி கிடைக்கவில்லை. ஆனால் அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் லிங்கன் கையொப்பமிட்ட மொரில் சட்டம் வேறொரு வழியைத் திறந்துவிட்டிருந்தது. வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளை ஆதரிப்பதற்காக, ஒவ்வொரு மாநிலத்துக்கும் கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் அது பெற்றிருந்த உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் பொதுநிலத்தை அச்சட்டம் ஒதுக்கியது; அக்கணக்கில் நியூயார்க்குக்கு ஏறக்குறைய 9,90,000 ஏக்கர் கிடைத்தது. இந்நிதியை முதலில் பெற்ற ‘மக்கள் கல்லூரி’ உரிய நிபந்தனைகளை நிறைவேற்ற இயலாமல் தவித்துக்கொண்டிருந்த வேளையில்தான் வைட் செனட்டுக்குள் நுழைந்து, கல்விப் பொருள்களைக் கவனிக்கும் குழுவின் தலைவரானார். வேளாண் குழுவுக்குத் தலைமை வகித்தவர் எஸ்ரா கார்னெல். தந்தித் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய அவர் குவேக்கர் சமூகத்தில் பிறந்தவர். அச்சமூகத்துக்கு வெளியே மணம் புரிந்ததற்காக விலக்கி வைக்கப்பட்டவர். சபை எல்லைகள் ஒரு மனிதனின் சொந்த வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் நூல்வழி கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

நில நிதியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தம் ஆதரவு பெற்ற வேளாண் கல்லூரிக்கு வழங்கலாம் என்று கார்னெல் முதலில் முன்மொழிந்தபோது அதை எதிர்த்தவர் வைட். சிதறடிக்கப்படும் நிதியால் பல நோஞ்சான் கல்லூரிகள்தாம் உருவாகுமேயன்றி ஒரு பல்கலைக்கழகம் உருவாகாது என்பது அவருடைய வாதம். அவ்வாதத்தை ஏற்ற கார்னெல், முழு நிதியும் ஒரே நிறுவனத்துக்கு வழங்கப்படுமானால் தாம் 5,00,000 டாலரும் இதாக்கா நகரில் தம் பண்ணை நிலமும் தருவதாக அறிவித்தார். 1865 பிப்ரவரி 7-ஆம் நாள் வைட் மசோதாவை அவையில் வைத்தார். மாநிலத்தில் ஏற்கெனவே இயங்கிவந்த சபைக் கல்லூரிகள் திரண்டு எதிர்த்தன. கடவுளற்ற கல்வி என்ற குற்றச்சாட்டும் நிலக்கொள்ளை என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தே எழுந்தன; சமயப்பற்றையும் நிதிப் பங்கீட்டையும் பிரித்தறிவது அந்த விவாதத்தில் எவருக்கும் எளிதாக இருந்திருக்காது. மெத்தடிஸ்ட் சபையினரின் ஜெனசீ கல்லூரிக்கு 25,000 டாலர் வழங்கக் கார்னெல் இணங்கிய பின்னரே எதிர்ப்பு ஒருவாறு தணிந்தது. ஏப்ரல் 27-ஆம் நாள் ஆளுநர் ரூபன் ஃபென்டன் கையொப்பமிட, சாசனம் சட்டமாயிற்று. பல்கலைக்கழகத்துக்கு இலவசமாக ஆண்டுதோறும் ஒரு மாணவரை அனுப்பும் உரிமையை ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் அது வழங்கியது. 128 தொகுதிகளைக் கொண்ட மாநிலத்தில் இவ்வேற்பாடு வாக்குகளைத் திரட்டவும் உதவியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அரசியல் அறிவு தேவையில்லை.

சாசனம் என்பது ஒரு நிறுவனத்துக்குச் சட்டப்படி உயிர் கொடுக்கும் ஆவணம். பெரும்பாலும் சொத்து, பதவி, கூட்ட நடைமுறை ஆகியவற்றையே அது பேசும். கார்னெல் சாசனத்தில் சமயத்தைக் குறித்து இடம்பெற்ற விதிகள் இரண்டே. எந்தச் சமயப் பிரிவைச் சேர்ந்தவரும், எந்தப் பிரிவையும் சேராதவரும், எல்லாப் பதவிகளுக்கும் சமமாகத் தகுதியுடையவர் என்பது ஒரு விதி. நிர்வாகக் குழுவின் பெரும்பான்மை எக்காலத்திலும் ஒரே சமயப் பிரிவினராகவோ எந்தப் பிரிவையும் சாராதவர்களாகவோ இருத்தல் கூடாது என்பது மற்றொன்று. முதல் விதியை நவீனச் சமயச்சார்பின்மையின் வழக்கமான வாசகமாக எவரும் கடந்து சென்றுவிடலாம். இரண்டாவது விதியின் பிற்பகுதி அவ்வாறு கடக்க விடுவதில்லை. சமயப் பிரிவுகளின் ஆதிக்கத்தைத் தடுப்பதே நோக்கமென்றால், எப்பிரிவையும் சாராதவர்களின் பெரும்பான்மையையும் சேர்த்து ஏன் தடுக்க வேண்டும்? எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்தச் செய்த அரசியல் சலுகை என்று இதற்குக் காரணம் கூறலாம். அவ்விளக்கம் தவறாகவும் இருக்காது. ஆனால் சலுகையாகப் பிறந்த ஒரு வாசகம், பிறப்பின் காரணத்தைவிடப் பெரிய பொருளைத் தாங்கி நிற்பது சட்ட வரலாற்றில் புதிதன்று. சமயம் சாராமை என்பது எல்லாப் பக்கங்களுக்கும் மேலே உயர்ந்து நிற்கும் ஒரு மேடை அன்று, அதுவும் பக்கங்களுள் ஒரு பக்கமே என்ற ஒப்புதல் அவ்வாசகத்துக்குள் அடங்கியிருக்கிறது. நடுநிலையை ஒரு மனநிலையாகக் கொண்டு, சமயத்தைத் துறந்த மனிதரிடம் அதைத் தேடுபவர்களுக்கு இவ்விதி இடமளிக்கவில்லை. அது நடுநிலையை மனிதரிடம் தேடாமல், வெவ்வேறு பற்றுகளையுடைய மனிதர் ஒருவரையொருவர் மிஞ்ச முடியாதபடி அமைக்கப்பட்ட ஓர் ஏற்பாட்டில் தேடுகிறது.

இவ்விரு விதிகளுக்கும் இடையே ஒரு முரண் இருப்பதும் மறைக்கத் தக்கதன்று. ஒருவரின் சமயம் பொருட்டில்லை என்கிறது முதல் விதி. பெரும்பான்மை உருவாகாமல் காக்க வேண்டுமானால் ஒவ்வொருவரின் சமயத்தையும் கேட்டு எண்ண வேண்டும் என்கிறது இரண்டாவது. கேளாமலிருக்கும் கடமையும் கேட்டறியும் கடமையும் ஒரே ஆவணத்தில் அருகருகே நிற்கின்றன. தனிமனிதரைத் தேர்ந்தெடுக்கும்போது சமயத்தைக் கருதலாகாது, மொத்த அமைப்பை நோக்கும்போது கருதியே ஆக வேண்டும் என்று இம்முரணைத் தீர்க்க முயலலாம். ஆனால் மொத்தம் என்பது தனிமனிதத் தேர்வுகளால் ஆனதே என்பதால் தீர்வு முழுமையடைவதில்லை. பன்மைச் சமூகங்கள் அனைத்தும் இன்றுவரை சுமந்துவரும் இச்சிக்கலை, தீர்த்துவிட்டதாகப் பாவனை செய்யாமல் அப்படியே விட்டுவைத்த நேர்மை அந்த ஆவணத்துக்கு உண்டு.

பல்கலைக்கழகம் 1868 அக்டோபர் 7-ஆம் நாள் திறக்கப்பட்டபின் தாக்குதல் தணியவில்லை. பிரசங்க மேடைகளும் சமய இதழ்களும் அதை நாத்திகத்தின் கோட்டை என்றன. தலைவராக இருந்த வைட் அதற்கு வரலாற்றின் துணைகொண்டு விடையளிக்க முடிவுசெய்து, 1869 டிசம்பரில் நியூயார்க் நகரின் கூப்பர் யூனியன் மண்டபத்தில் அறிவியலின் போர்க்களங்களைப் பற்றி உரையாற்றினார். சமயத்தின் நன்மைக்கு என்று கருதி அறிவியலில் தலையிட்டபோதெல்லாம் சமயத்துக்கும் அறிவியலுக்கும் தீங்கே விளைந்தது. தடையற்ற ஆராய்ச்சி தொடக்கத்தில் சமயத்துக்கு ஆபத்தாகத் தோன்றினும் முடிவில் இரண்டுக்கும் நன்மையே தந்தது என்பதே உரையின் சாரம். அவ்வுரை 1876-இல் ஒரு சிறு நூலாயிற்று. இருபது ஆண்டுகள் மேலும் வளர்ந்து, 1896-இல் கிறித்தவ உலகில் அறிவியலுக்கும் இறையியலுக்கும் நடந்த போரின் வரலாறாக இருபது இயல்களில் வெளிவந்தது. வானியல், நிலவியல், மருத்துவம், மொழியியல் என ஒவ்வொரு துறையிலும் பழைய கருத்து நம்பிக்கையிலிருந்து புறப்பட்டு ஆய்வில் வந்து சேர்வதாகவே இயல்கள் அமைந்தன.

ஜான் வில்லியம் டிரேப்பர் 1874-இல் வெளியிட்ட நூல் அறிவியலுக்கும் சமயத்துக்கும் இடையிலான மோதலைப் பேசியது. வைட் அதிலிருந்து தம்மைக் கவனமாக வேறுபடுத்திக்கொண்டார். போர் சமயத்தோடு அன்று. திருச்சபை வகுத்து வைத்த மாறாத கோட்பாடுகளின் தொகுப்பாகிய இறையியலோடு என்பது அவருடைய நிலை. இறைவன்பால் அன்பு, அயலார்பால் அன்பு, அறத்தை நோக்கி உலகை இயக்கும் ஏதோ ஒரு பேராற்றலின் மீது நம்பிக்கை ஆகியவையே சமயம். படைப்பு எத்தனை நாளில் நடந்தது, நோய் பேயால் வருகிறதா என்பவற்றைப் பற்றிய முடிவுகள் இறையியல். 1894 ஏப்ரலில் பீட்டர்ஸ்பர்க் தூதரகத்திலிருந்து எழுதிய முன்னுரையில், தம் சன்னலுக்கு வெளியே உறைந்த நேவா ஆற்றின் பனிக்கட்டியை வெட்டி வாய்க்கால் அமைத்துக்கொண்டிருந்த உழவர்களை அவர் சுட்டுகிறார். இளவேனில் வெள்ளம் அணையுடைத்துப் பாய்ந்து நகரை அழிக்காமலிருக்க அவ்வாய்க்கால்கள் உதவுவது போல, புதிய அறிவின் வெள்ளம் சமயத்தையும் சேர்த்து அடித்துச் செல்லாதிருக்கவே தம் நூல் எழுதப்பட்டது என்பது அவர் தரும் விளக்கம். சமயத்தின் பகைவராக அவரைச் சித்திரித்தவர்கள் இம்முன்னுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் இந்தப் பாகுபாடு தோன்றுமளவுக்கு எளிமையானதா? சமயத்திலிருந்து கோட்பாட்டை உரித்தெடுத்துவிட்டால் அன்பும் அறமும் எஞ்சும் என்பதே ஒரு கோட்பாடு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாராளப் புராட்டஸ்டண்ட் சிந்தனையில் உருவான கோட்பாடு. அதைத் தம் காலத்துப் படித்தவர் பலரோடு வைட்டும் பகிர்ந்துகொண்டார். ஒரு கத்தோலிக்கருக்கு நற்கருணையில் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்பது இறையன்பின் மேல் ஒட்டப்பட்ட வெளிப்பூச்சு அன்று. அவ்வன்பு எதை நோக்கியது என்பதைச் சொல்லும் உள்ளுறை அது. வைதிக யூதருக்கு ஓய்வுநாள் விதியும் அவ்வாறே. அவர்களிடம் சென்று, உங்கள் சமயத்துக்கு எவரும் தீங்கு செய்யவில்லை, இறையியலை மட்டுமே தாக்குகிறோம் என்று ஆறுதல் கூறுவது, அவர்களுடைய சமயம் எது என்பதைத் தாமே முடிவுசெய்து அவர்களுக்கு அறிவிப்பதாகும். போரை விலக்குவதற்காக வரையப்பட்ட எல்லைக்கோடு, போரில் ஒரு தரப்பார் வரைந்த கோடாகவே இருந்தது. சாசனம் இத்தகைய வரையறை எதையும் செய்யவில்லை. சமயம் என்றால் என்ன என்று அது கூறவில்லை. எது மெய்யான சமயம், எது பிற்காலத் திரிபு என்று தீர்ப்பளிக்கவில்லை. ஒவ்வொருவரும் தம்மை எப்பிரிவினர் என்று கூறுகிறாரோ அப்பிரிவினராகவே ஏற்றுக்கொண்டு, அதற்குமேல் கேள்வி கேட்காமல் நின்றுவிட்டது. பல தரப்பாரும் கையொப்பமிடத் தக்க ஒரு வாசகத்தைத் தேடும் சட்டமியற்றுபவருக்கு மௌனம் காக்க வேண்டிய இடங்கள் தெரிந்திருந்தன. எதிர்ப்பாளருக்கு மறுப்பெழுதப் புகுந்த வரலாற்றாசிரியருக்கு அவ்விடங்களில் மௌனம் காக்கும் கட்டாயம் இல்லாமற்போயிற்று.

மறுப்பாகத் தொடங்கிய நூலாதலால் சான்றுகளைக் கையாண்ட முறையிலும் வழக்கறிஞரின் சாயல் படிந்தது. கோப்பர்னிக்கஸின் அதிகாரத்தைப் பரிசுத்த ஆவியின் அதிகாரத்துக்கு மேலாக வைக்கத் துணிபவர் யார் என்று கால்வின் கேட்டதாக நூல் கூறுகிறது. அத்தகைய கூற்று கால்வினின் எழுத்துகளில் இல்லை என்று எட்வர்ட் ரோசன் 1960-இல் எடுத்துக்காட்டினார். பூமி நகர்வதாகக் கூறுவோரைக் கண்டிக்கும் ஒரு பகுதி கால்வினின் பிரசங்கமொன்றில் பின்னர் கண்டறியப்பட்டதும் உண்மை. ஆயினும் வைட் காட்டிய கூற்று பிறரிடமிருந்து சரிபாராமல் எடுத்துக்கொள்ளப்பட்டதே. இடைக்காலக் கிறித்தவர் பூமியைத் தட்டையானதாகக் கருதினர் என்னும் பரவலான எண்ணத்துக்கு இந்நூல் எவ்வளவு துணைநின்றது என்பதை ஜெஃப்ரி பர்ட்டன் ரசல் 1991-இல் விரிவாக ஆராய்ந்தார். பிரசவத்தில் மயக்க மருந்து பயன்படுத்துவதைச் சமயத்தார் பெருமளவில் எதிர்த்தனர் என்ற செய்தியும் பிற்கால ஆய்வில் வலுவிழந்தது. டேவிட் லிண்ட்பர்க், ரொனால்ட் நம்பர்ஸ் முதலிய அறிவியல் வரலாற்றாசிரியர்கள் 1980களிலிருந்து போர் என்னும் சட்டகத்தையே கைவிட்டு, சமயமும் அறிவியலும் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பப் பலவாறு உறவுகொண்டதை எடுத்துரைத்தனர்.

அதற்காக நூலை முற்றிலும் ஒதுக்குவதும் நியாயமன்று. சூனியக்காரர் வேட்டையைப் பற்றிய பகுதிகளுக்குப் பின்னால் வைட் தம் பொருளைச் செலவிட்டுத் திரட்டிய மூல ஆவணங்கள் இருந்தன. ஏறத்தாழ 30,000 நூல்களைக் கொண்ட தம் சொந்தத் தொகுப்பை அவர் பல்கலைக்கழகத்துக்கே வழங்கிவிட்டார். அத்தொகுப்பில் டீட்ரிக் ஃபிளேட் என்பவரின் வழக்கு ஆவணமும் அடங்கும். ட்ரியர் நகரின் நீதிபதியாகவும் அந்நகர்ப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் விளங்கிய ஃபிளேட், சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1589-இல் மரண தண்டனை அடைந்தார். அவ்வழக்கை வைட்டின் செயலரும் நூலகருமான ஜார்ஜ் லிங்கன் பர் பின்னர் தனியே ஆராய்ந்தெழுதினார். பல்கலைக்கழகத் தலைவர் ஒருவரே சூனியக்காரராகத் தண்டிக்கப்பட்ட செய்தியை மற்றொரு பல்கலைக்கழகத் தலைவர் விலைகொடுத்து வாங்கிப் பாதுகாத்ததை வெறும் நூல் சேகரிக்கும் ஆர்வமாக மட்டும் கொள்ள இயலாது. ஆராய்ச்சியில் சமயம் தலையிடும் என்ற வைட்டின் அச்சம் கற்பனையும் அன்று. மெத்தடிஸ்ட் சபையின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஆதாமுக்கு முன்பும் மனிதர் வாழ்ந்தனர் என்று எழுதிய நிலவியலார் அலெக்சாண்டர் வின்செலின் பதவியை 1878-இல் முடிவுக்குக் கொண்டுவந்தது.

நிர்வாகியாக வைட் கையாண்ட வழி நூலாசிரியரின் வழியைவிடச் சாசனத்துக்கே நெருக்கமானது. ஹென்றி சேஜ் அளித்த கொடையால் 1875-இல் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு தேவாலயம் எழுந்தபோது, அதற்கு நிலையான போதகர் எவரும் அமர்த்தப்படவில்லை. பல சபைகளின் போதகர்கள் முறைவைத்து அழைக்கப்பட்டனர். சமயத்தை வெளியேற்றுவதன்று, எந்தச் சமயக் குரலும் நிரந்தரமாகக் குடியேறாதபடி பார்த்துக்கொள்வதே அவ்வேற்பாட்டின் நோக்கம் என்பதால், இதைச் சாசனத்தின் இரண்டாம் விதி கட்டட வடிவம் பெற்றதாகவே கருதலாம். சுழன்று வருவோர் பட்டியலில் இடம்பெற அழைப்பு வேண்டும், அழைப்பவரின் விருப்பமே எல்லையாகிவிடும் என்ற குறை அதிலும் உண்டு.

அவ்வெல்லை எங்கே இருந்தது என்பதை ஃபீலிக்ஸ் ஆட்லரின் நியமனம் காட்டியது. நியூயார்க்கின் புகழ்பெற்ற ராபி ஒருவரின் மகனான ஆட்லர், ஜெர்மனியில் பயின்று திரும்பியபின், நண்பர்கள் அளித்த நிதியின் துணையோடு 1874-இல் கார்னெலில் எபிரேய மொழிக்கும் கீழைத்தேய இலக்கியத்துக்கும் பேராசிரியரானார். எந்தப் பிரிவினரும் எப்பதவிக்கும் தகுதியுடையவர் என்ற விதிக்கு அந்நியமனம் சிறந்த சான்றாக நின்றது. ஆனால் கிறித்தவக் கோட்பாடுகளின் வேர்களைப் பிற சமயங்களோடு ஒப்பிட்டு அவர் ஆற்றிய உரைகள் பழைய குற்றச்சாட்டை மீண்டும் கிளப்பின. பணிக்காலம் முடிந்தபின் அது நீட்டிக்கப்படவில்லை. நிதியைத் தொடர்ந்து வழங்கக் கொடையாளர்கள் முன்வந்தபோது, பேராசிரியரின் பெயரைக் கொடையாளர் குறிப்பிடுவதை ஏற்பதற்கில்லை என்று நிர்வாகக் குழு காரணம் கூறி மறுத்தது. காரணம் தன்னளவில் நியாயமானதே. எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்கத் தக்க நெறிதான். அது ஆட்லரின் விஷயத்தில் திடீரென்று நினைவுக்கு வந்தது என்பதே உறுத்துகிறது. 1876-இல் ஆட்லர் நியூயார்க் நகரில் அறநெறிப் பண்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். எந்த இறைக்கோட்பாட்டையும் நிபந்தனையாக வைக்காமல் அறவாழ்வை மட்டுமே உறுப்பினரிடம் வேண்டிய அச்சங்கம், கோட்பாட்டைக் களைந்தால் அறம் எஞ்சும் என்று வைட் தம் நூலில் வகுத்த அதே வழியில், இறைநம்பிக்கையையும் ஒரு கோட்பாடாகவே எண்ணி மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது.